அடி இரண்டு அங்குலம்

ஜூன் 24, புதன்

நியூசிலாந்து வந்த ஐந்தாம் நாளே மகள் வீட்டுக் கராஜின் மேற்கூரையைக் கழுவிவிட்டேன். தண்ணீரால் அல்ல, பீரால்.

நடந்தது இதுதான். பிரசவத்துக்குப் பிறகு செண்பகத்துக்குக் கொடுக்கலாமென்று, ஊரிலிருந்து இங்கே திரும்பிய ஒருவரிடம் தசமூலாரிஷ்டம் முன்பே கொடுத்தனுப்பியிருந்தேன். அது கராஜில் இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். போய்ப் பார்த்தால் அலமாரி நிறைய பழுப்புப் பாட்டில். லேபிள் கிடையாது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் விரல் கனத்துக்கு மண்டி. அரிஷ்டம் என்றால் மண்டி இருக்கும், குலுக்கித்தான் குடிக்க வேண்டும், இது ஊருக்கே தெரியும். இரண்டு கையாலும் நன்றாகக் குலுக்கினேன். கெட்டுப்போயிருக்கிறதா என்று மோந்து பார்க்கக் கம்பி மூடியைத் தள்ளினேன்.

பாதி கூரைக்குப் போனது. மீதி எனக்கு.

சத்தம் கேட்டுச் செண்பகம் வந்துவிட்டாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் நிற்கிறாள். நான் மாப்பிள்ளை கொடுத்த ஸ்வெட்டரில் தலை முதல் கால்வரை பீர் வாடையோடு, கையில் பாட்டிலோடு நிற்கிறேன்.

"அரிஷ்டம்னு நெனச்சேம்மா."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பாள், கண் சிவந்திருக்கிறதா என்று.

"குளிச்சிட்டு வாங்கப்பா. தண்ணி சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பதினான்கு வருசமாக நாளின் கடைசியில் நோட்டில் இரண்டு சொல் எழுதி வருகிறேன். கோவில்பட்டியில் குடியை விட்டவர்கள் கூடும் இடத்தில் ஒரு ஸார் பழக்கிவிட்டது. "வேற எதுவும் எழுத வரலேன்னாலும் இதை எழுதுங்க மாஸ்டர்" என்றார். நான் டீ மாஸ்டர். எட்டாம் வகுப்பு. வேறு எதுவும் எழுத வராது என்றுதான் அவரும் நினைத்திருப்பார். இத்தனை பக்கம் எழுதுவேன் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

உடம்பெல்லாம் பீரில் நனைந்த நாள்தான். ஆனாலும் எழுதலாம்:

இன்றும் இல்லை.

ஜூன் 25

ஸ்வெட்டரை மூன்று தடவை துவைத்தேன். வாடை போகவில்லை. அல்லது என் மூக்கு விடவில்லை.

இன்றும் இல்லை.

ஜூன் 27, சனி

மாப்பிள்ளை இசக்கிராஜா பால் பவுடர் தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல பிள்ளை. இன்று என்னைக் கராஜுக்குக் கூட்டிப்போய், தப்புச் செய்த பையன்போல் நின்றார்.

"மாமா, நீங்க வர்றீங்கன்னு இதையெல்லாம் ஒளிச்சி வைக்கச் சொன்னா. நாந்தான் சரியா ஒளிக்கல."

மூலையில் போர்வையை விலக்கினார். வெள்ளை பிளாஸ்டிக் டிரம், இருபத்து மூன்று லிட்டர். மேலே ஒரு கண்ணாடி மூக்கு. அதில் கொஞ்சம் தண்ணீர். நிமிசத்துக்கு ஒரு தடவை 'குளுக்' என்கிறது. குளிருக்காகப் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றி வைத்திருக்கிறார். இங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவது தப்பில்லையாம். நம் ஊரில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் மாதிரி இங்கே இவர்கள்.

"பிள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்குக் கூட வேலை பாக்குறவங்களுக்குக் குடுக்கலாம்னு போட்டது மாமா. செண்பகம் ஊத்திரச் சொல்லுதா. நீங்க சொன்னா இப்பவே ஊத்திருதேன்."

"எனக்காக ஏன் மாப்ளை கொட்டணும்? கோவில்பட்டியில என் கடைக்குப் பத்து எட்டுல ஒயின் ஷாப். அவன் எனக்காக மூடவா செஞ்சான்?"

சிரித்துவிட்டார். பிறகு எல்லாம் விளக்கினார். டிரம்மின் அடியில் சேறுபோல் இரண்டு அங்குலம் படிந்திருக்கிறது. அது வேலை முடித்துப் படுத்துவிட்ட ஈஸ்ட்டாம். பாட்டிலில் மாற்றும்போது அதைக் கலக்கக் கூடாது. டிரம்மை அசைக்காமல், குழாய் போட்டு மேலாக இறக்க வேண்டும். காற்றுப் படக் கூடாது, நுரைக்க விடக் கூடாது. அடி இரண்டு அங்குலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

"வடிகட்டுனா என்ன மாப்ளை? ரெண்டு லிட்டர் வீணாப் போவுதே."

"வேணாம் மாமா. விட்டுட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். தொட்டாத்தான் வம்பு."

முப்பது வருசம் துணிப்பையில் டீத்தூளைப் பிழிந்து கடைசிச் சொட்டுவரை எடுத்தவன் நான். மனது கேட்கவில்லை. ஆனாலும் சரி என்றேன்.

இன்றும் இல்லை.

ஜூலை 1

அக்கா சொர்ணம் வீடியோவில் வந்தாள். பத்தியக் குழம்புக்குப் பூண்டு எத்தனை பல் என்று எனக்குப் பாடம். என் வீட்டுக்காரி வேலம்மாள் இருந்தால் அவள்தான் வந்திருப்பாள், நான் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்திருப்பேன். அவள் போய் இரண்டு வருசம். அதனால்தான் பிரசவம் பார்க்க ஒரு டீ மாஸ்டர் விமானம் ஏறியிருக்கிறான்.

பேச்சோடு பேச்சாக அக்கா கேட்டாள்: "ஏட்டி செம்பகம், பிள்ளைக்குச் சேனை யாரு வைக்கா?"

எங்கள் பக்கம், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் இனிப்புத் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பிள்ளை அடம் பிடித்தால், "இதுக்கு எவம்ல சேனை வச்சது?" என்பார்கள். எனக்கு வைத்தவர் கள்ளுக்கடை ஏலம் எடுத்தவர். பழியை அவர்மேல் போட்டு நான் பல வருசம் ஓட்டினேன்.

செண்பகம் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தே சொன்னாள்: "பாப்போம் அத்தை."

பாப்போம். சரிதானே. அவசரம் என்ன?

பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். பரிசளிப்பு விழாவில் மேடை ஏறியது அவள் மட்டும் அல்ல. அவளுக்குப் பின்னால் நானும் ஏறினேன், யாரும் கூப்பிடாமலே. மைக்கில் பேசவும் செய்தேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கும்.

இன்றும் இல்லை.

ஜூலை 8

'குளுக்' நின்றுவிட்டது. சனிக்கிழமை பாட்டிலில் ஊற்றினால்தான் பேர் வைக்கும் நாளுக்குத் தயாராகும் என்று மாப்பிள்ளை சொன்னார். பாட்டில்களைக் கழுவிக் கொடுத்தேன். கிளாஸ் கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இன்றும் இல்லை.

ஜூலை 11, சனி

காலை 8. செண்பகத்துக்கு வலி எடுத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றார்கள், பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லைபோல. இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் இடம். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். காரில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு ஒரு நொடி கராஜ் பக்கம் பார்த்தாள். வலியில் எங்கே பார்க்கிறோம் என்று யாருக்குத் தெரியும்?

காலை 10. தகவல் இல்லை. ரசம் வைத்தேன். சாப்பிட ஆள் இல்லை.

11. தகவல் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை இருக்கும் அவதியில் பாட்டில் வேலையை யார் பார்ப்பது? நானே செய்துவிடலாம். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சீனி, அவ்வளவுதானே.

பிற்பகல் 2. முதல் நாலு பாட்டிலைக் கெடுத்துவிட்டேன். என் தப்பு இல்லை, கையின் தப்பு. டிரம்மின் அடிக் குழாயைத் திறந்து ஒரு சட்டியில் பிடித்தேன். கலங்கலாக இருந்ததால் என் வேட்டித் துணியில் வடிகட்டினேன். அதோடு விட்டேனா? துணியில் வடிகட்டியதும் கை தானாக மேலே போய்விட்டது. ஒரு முழ உயரத்திலிருந்து இந்தச் சட்டிக்கும் அந்தச் சட்டிக்கும் ஆற்றினேன். அழகாக நுரை வந்தது. வாடிக்கையாளர் யாராவது இருந்தால் கைதட்டியிருப்பார். அப்புறம்தான் 'நுரைக்க விடக் கூடாது' ஞாபகம் வந்தது. நாலு பாட்டிலிலும் நூல் கட்டி வைத்தேன், தனியாகத் தெரியட்டும் என்று.

மீதிக்கு மாப்பிள்ளை சொன்னபடி குழாய் போட்டேன். அதை இழுக்கும் பம்பின் ரப்பர் கிழிந்திருந்தது. எனக்குப் பம்பு எதற்கு? கடை அடுப்புக்கு முப்பது வருசம் பேரலிலிருந்து மண்ணெண்ணெயை டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இறக்கியவன். ஒரு சொட்டு வாய்க்கு வந்ததில்லை. வருவதற்கு அரை நொடி முன்னால் டியூபை இறக்கிவிடுவேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று மூச்சிலேயே தெரியும். அந்தக் கணக்கில் நான் கெட்டிக்காரன்.

அப்படித்தான் இறக்கினேன். வாய்க்கு வரவில்லை.

நூல் கட்டிய நாலையும் சேர்த்து இருபத்தேழு பாட்டில் நிறைய. இருபத்தெட்டாவது பாதியில் மண்டி தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

மாலை 4. பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. இருவரும் நலம். மாப்பிள்ளை போனில் அழுகிறார். நானும்.

ஜூலை 12

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். உதட்டில் பட்டது. துடைத்துவிட்டேன்.

நேற்று கடைசியில் அந்த இரண்டு சொல்லை எழுத மறந்திருக்கிறேன். பேத்தி பிறந்த சந்தோசத்தில் மறப்பது சகஜம்.

ஜூலை 13

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பேத்திக்கு என் மூக்கு. பாவம்.

செண்பகம் தொட்டிலை ஹாலில் வைக்கச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் கராஜுக்குப் போய் வந்தார். பிறகு அவளும் போனாள், மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. அரிஷ்டம் தேடியிருப்பாள். நான் பூண்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். "குழம்பு வாசம் அம்மா வச்ச மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

ஜூலை 14

இன்னொரு திருத்தம். உதடு அல்ல, வாய். துப்பிவிட்டேன்.

ஜூலை 16

செண்பகம் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கூப்பிட்டாள். "அப்பா, நீங்களே சேனை வச்சிருங்க. பேரு வைக்கிற அன்னைக்கு."

இதைக் கேட்கத்தான் ஒன்பதாயிரம் மைல் வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. (மைல் சரியா என்று தெரியாது. தூரம்.)

"எனக்கு இருமல் இருக்கும்மா" என்றேன்.

"பேரு வைக்க இன்னும் பத்து நாள் இருக்குப்பா."

"சொர்ணம் அக்கா வீடியோவுல வந்து..."

"வீடியோவுல எப்படிப்பா நாக்குல தொட்டு வைப்பாங்க?"

"மாப்ளையோட தொழிற்சாலை மேனேஜர் தங்கமான மனுசன்னு சொன்னாரே. அவரை..."

அவள் முகம் மாறியது. "பொம்பளப் பிள்ளைன்னுதான் வேணாங்கிறீங்களாப்பா?"

அடப் பாவி மகளே! அப்படியொரு எண்ணம் எனக்கு வருமா? வராது என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டியில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அடுப்பில் எதுவுமே இல்லை.

ஜூலை 17

அவள் பேசவில்லை. குழம்பை மட்டும் சாப்பிட்டாள்.

ஜூலை 18, சனி

மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கியது. செண்பகம் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். நானும் ஒரு சின்னச் சட்டையை எடுத்து மடித்தேன். உள்ளங்கையளவு. அதை மூன்று தடவை மடித்துப் பிரித்த பிறகு சொன்னேன்.

"அன்னைக்குக் குழாய்ல உறிஞ்சினேம்மா. வாய்க்கு வந்திருச்சு."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"துப்பிட்டேன். ஆனா உடனே இல்லை."

"சரிப்பா."

"சரியில்லம்மா. முப்பது வருசம் மண்ணெண்ணெய் உறிஞ்சியிருக்கேன். ஒரு சொட்டு வந்ததில்ல. எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு எடுக்கல. நீ ஆஸ்பத்திரியில என்ன பாடு படுதியோன்னு... அது சாக்கு. வரட்டும்னு விட்டேன். விழுங்கல, அது சத்தியம். அப்புறம் தரையில துப்பிட்டு, உப்புப் போட்டு வாய் கொப்புளிச்சேன். இந்த வாயோட, இந்தக் கையால, நான் எப்படிச் சேனை வைக்க?"

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்ப்பா. வீட்டுக்கு வந்த அன்னைக்கு, பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு, நான் முதல்ல செஞ்ச காரியம் பாட்டிலை எண்ணினதுதான். முதல்ல அவரை எண்ணச் சொன்னேன். அவர் சொன்னதை நம்பாம நானே போய் எண்ணினேன். தையல் போட்ட உடம்போட."

"எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்கக்கூடிய கேள்வியா அது?

"இருபத்தேழரை."

"சரியாத்தான் எண்ணியிருக்க."

"அந்த அரை பாட்டிலைப் பாத்துட்டு அங்கயே உக்காந்து அழுதேன்ப்பா. எனக்குத் தெரிஞ்ச எங்கப்பா அரை பாட்டிலை மிச்சம் வச்சதே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிள்ளை எழுந்துவிட்டது.

"இப்ப தூக்குங்க" என்றாள். "தலையைப் பிடிச்சிக்கோங்க. டீ ஆத்துற மாதிரி தூக்காதீங்க."

முதல் தடவையாகத் தூக்கினேன். ஆறு நாளாகப் பிள்ளை இந்த வீட்டில் இருக்கிறது, நான் தூக்கவில்லை. அதையும் இந்த நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

11ஆம் தேதிக்கு என்ன எழுதுவது என்று அவளிடமே கேட்டேன். "நடந்ததைத்தான் எழுதியாச்சே, அது போதும்ப்பா" என்றாள். இடம் அப்படியே காலியாக இருக்கட்டும். ஆனால் இன்றைக்கு எழுதலாம்.

இன்றும் இல்லை.

ஜூலை 22

கண்ணாடி முன் நின்று இருமிப் பார்த்தேன். இருமல் இல்லை.

இன்றும் இல்லை.

ஜூலை 26, ஞாயிறு

பேர் வேல்விழி. வேலம்மாளில் பாதி.

மாப்பிள்ளையின் தொழிற்சாலை ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். எல்லாரும் ஆறடி. பீரைக் கிளாஸில் ஊற்றும் பொறுப்பை மாப்பிள்ளை எடுத்தார். முதல் பாட்டிலிலேயே மண்டி கலங்கிச் சேற்றுத் தண்ணீராக வந்தது. கண்ணெல்லாம் பிள்ளைமேல், புது அப்பா.

"மாமா, நீங்க...?" என்று ஆரம்பித்துவிட்டுச் செண்பகத்தைப் பார்த்தார்.

"குடுங்க. அப்பாதான் ஊத்தட்டும். ஊத்துறதுல எங்கப்பாவை மிஞ்ச ஆள் இல்ல" என்றாள், பிள்ளையைத் தோளில் போட்டபடியே.

ஊற்றினேன். பாட்டிலை ஒரே சாய்ப்பாகச் சாய்த்து, நிமிர்த்தாமல், தயங்காமல். நிமிர்த்திச் சாய்த்தால் மண்டி எழும்பும். கடைசி ஒரு விரல் கனம் வரும்போது நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்பது மூச்சிலேயே தெரிந்தது. ஏழு கிளாஸிலும் ஒரே அளவு நுரை. இந்தத் தடவை நிஜமாகவே கைதட்டினார்கள்.

நூல் கட்டிய பாட்டிலையும் ஒருவர் கேட்டு வாங்கிக் குடித்தார். மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னார்: நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி இருக்கிறதாம். "அது கோவில்பட்டி ஸ்பெஷல்னு சொல்லுங்க மாப்ளை" என்றேன்.

அவர்கள் போன பிறகு, மூன்று மணி வெயிலில், ஜன்னல் பக்கம் செண்பகம் பிள்ளையோடு உட்கார்ந்தாள். தேனும் கூடாது, சீனியும் கூடாது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் ஒரு கரண்டியில் தாய்ப்பால். அக்கா போனில் இருந்து, "தம்பி, கையைக் கழுவுனியால?" என்றாள். மூன்று தடவை கழுவியிருந்தேன், ஸ்வெட்டரைப்போல.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தேன். வேல்விழி வாயைத் திறந்தாள். நாக்கு ரோஜா இதழ் அளவுகூட இல்லை. விரலைப் பிடித்துச் சப்பினாள். இத்தனை பலம் எங்கிருந்து வந்தது!

"ஏதாவது சொல்லி வைக்கணும்ல தம்பி. 'என்னைப்போல இரு'ன்னு சொல்லு" என்றாள் அக்கா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செண்பகமும்.

"நல்லா டீ போடு தாயி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதுவே சேனை வாக்கு ஆகிவிட்டது.

இன்றும் இல்லை.

இதற்கு மேல் எழுதுவதை அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் சொன்னேன்: தாயி, இந்தத் தாத்தாகிட்ட மேலாக இருப்பதை மட்டும் எடுத்துக்கோ. அடி இரண்டு அங்குலம் எனக்கே இருக்கட்டும். நான் அசையாமல் பிடித்துக்கொள்கிறேன்.